மாரிக்கு வீட்டுத் தோட்டம்: மணல் வளவில் எதை, எப்போது நடுவது?

ஆரைப்பற்றை வளவு
செப்டெம்பர் 27, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு ஆரையம்பதியில், கடற்கரைக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் எங்கள் வளவு. வீடும் கிணறும் போக, பின்பக்கம் ஐந்து பேர்ச் அளவு வெறும் மணல். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மூலையில் வாழை.

போன வருடம்தான் முதல் தடவையாகத் தோட்டம் போட்டேன். மழை தொடங்கினால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று நினைத்து, நவம்பர் முதல் கிழமை கொச்சி (மிளகாய்), தக்காளி, கத்தரி மூன்றுக்கும் விதை போட்டேன். நன்றாக முளைத்தது. இரண்டு இலை விட்ட நேரம் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் போய்ப் பார்த்தால் தண்டு அடியில் நூல்போல மெலிந்து எல்லாம் படுத்துக் கிடந்தன. தப்பி நின்ற பத்துப் பதினைந்தையும் நத்தை தின்றுவிட்டது.

டிசெம்பரில் பொலன்னறுவை வீதியில் கல்லெல்லப் பக்கம் வெள்ளம் ஏறி லொறி வராமல், கடையில் மரக்கறி விலை ஏறிய நாட்களில் அந்த வெறும் பாத்தியைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. இந்த வருடம் கேட்டுச் செய்வோம் என்று இப்போதே எழுதுகிறேன். எங்கே பிழை விட்டேன்?

வந்தாறுமூலை
செப்டெம்பர் 27, இரவு 10.40

அக்கா, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணம். ஈரம் கூடி, வெயில் குறைந்து, நாற்றும் நெருக்கமாக நின்றால் ஒரே இரவில் பாத்தியையே சாய்த்துவிடும். விதையில் குறை இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை. நாள்தான் பிழை. நவம்பரில் மழைக்குள் திறந்த பாத்தியில் நாற்றுப் போட்டால் இங்கே யாருக்கும் தப்புவது கஷ்டம்.

கத்தரி விதையை இந்தக் கிழமையே போடுங்கள். நான்கு கிழமையில், ஒக்டோபர் கடைசியில், பிடுங்கி நடலாம். பெருமழை வரும்போது செடி ஒரு முழம் வளர்ந்து வேர் ஓடியிருக்கும். அப்படி நிற்கும் கத்தரி மழைக்குப் பூவை உதிர்த்தாலும் செத்துப் போகாது. வெயில் திரும்பியதும் திரும்பக் காய்க்கும்.

நாற்றுமேடைக்கு முதலில் இடத்தைக் கொத்தி நனைத்து, தெளிவான பொலித்தீனால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து இரண்டு மூன்று கிழமை வெயிலில் விடுவதுதான் முறை. இப்போது அதற்கு நேரம் போதாது. மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டு, ஆறிய பிறகு விதையுங்கள். அதுவும் பலன் தரும்.

கல்லாறு வாத்தியார்
செப்டெம்பர் 28, காலை 5.50

மகள், விதையைப் பற்றி இவர்கள் சொல்வார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் எழுவான்கரை ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நடுவில் ஒரு கீற்று மணல். மாரியில் வளவு மண்ணைத் தோண்டினால் ஒரு முழத்திலேயே தண்ணீர் ஊறும். மேலால் வரும் மழையை மணல் குடித்துவிடுகிறது, ஆனால் கீழாலும் தண்ணீர் ஏறி வருகிறது. வேர் அந்தத் தண்ணீரில் நின்றால் மூச்சு முட்டி அழுகும். ஆகையால் போன வருடம் வளவில் எந்த மூலையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வந்தது? சுவரில் பாசிக் கோடு இருக்கும். அதைப் பார்த்து வளவை மூன்றாகப் பிரியுங்கள்: தண்ணீர் நிற்கும் இடம், ஒரு நாளில் வடியும் இடம், நிற்கவே நிற்காத மேடு. அதற்குப் பிறகுதான் எந்தப் பயிர் எங்கே என்ற பேச்சு.

தண்ணீர் நிற்கும் இடத்தில் காங்கூன் கீரை, சேம்பு, வல்லாரை. அவற்றுக்கு அது சொர்க்கம். வடியும் இடத்தில் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு வெண்டி, பயிற்றை, கீரை. மேட்டில் கத்தரி, கொச்சி. பாத்தியின் அகலம் மூன்று அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். இடையில் விடும் வாய்க்கால் வீதிப் பக்கமோ வாவிப் பக்கமோ சரிந்து போகட்டும். அயல் வளவுக்குள் திருப்பிவிடாதீர்கள், அந்தச் சண்டை மழை விட்ட பிறகும் நிற்கும்.

இன்னொன்று. தை பிறந்தால் மழை விட்டுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2011 ஜனவரியில் பொங்கலுக்குச் சில நாள் முன்புதான் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. பெப்ரவரித் தொடக்கத்தில் இன்னொரு தடவை. என் தைக் கொச்சிகள் அந்த வருடம் இரண்டு முறை போயின. மூன்றாம் முறை நடுவதற்கு நாற்று இருந்ததால்தான் அந்த வருடமும் காய் பறித்தேன். நாற்றை எப்போதும் இரண்டு தவணையாகப் போடுங்கள்.

நிந்தவூர் ராத்தா
செப்டெம்பர் 28, மாலை 4.05

வாத்தியார் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இருபது வருடமாக வீட்டில் நாற்றுப் போட்டுக் கொடுக்கிறேன். தங்கச்சிக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

கத்தரிக்கு இப்போது. கொச்சிக்கும் தக்காளிக்கும் இப்போது போட நான் சொல்ல மாட்டேன். கொச்சி பெருமழையில் நின்றால் இலை பழுத்து, பூ கொட்டி, இளைத்துப் போகிறது. பிறகு அதைத் தேற்றி எடுப்பதைவிடப் புது நாற்று வேகமாக வரும். கொச்சி விதையை டிசெம்பர் முதல் கிழமையில் கூரைக்குக் கீழே போடுங்கள், பொங்கல் முடிந்து நடலாம். தக்காளிக்கு மூன்று கிழமை போதும், ஆகையால் டிசெம்பர் கடைசிக்குப் போட்டால் சரி.

கூரை என்றால் பெரிய செலவு இல்லை. நான்கு கம்பு நட்டு, தெற்குப் பக்கம் இடுப்பு உயரம், வடக்குப் பக்கம் அதைவிட ஒரு அடி பதிவாக. மேலே தெளிவான பொலித்தீன். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலை அடிப்பதால் அந்தப் பக்கத்துக்கு ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டினால் போதும். மற்றப் பக்கங்களை மூடவே கூடாது, காற்று ஓட வேண்டும். சிலர் கிடுகாலேயே முழுக் கூரையும் போடுகிறார்கள். மாரியில் வெளிச்சமே குறைவு. அதையும் மறைத்தால் நாற்று வெளிறி, நீண்டு, முறிந்து விழும்.

மண்கலவை: மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. விதையைக் கையால் தூவாமல், நான்கு விரல் இடைவெளியில் கோடு கீறிப் போடுங்கள். காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும், அழுகல் அங்கேதான் தொடங்குகிறது.

கொக்கட்டிச்சோலை வயல்காரன்
செப்டெம்பர் 28, இரவு 8.20

இவ்வளவும் எழுவான்கரை மணலுக்குச் சரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வாசிப்பவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் மண் பசை. ஒக்டோபரில் முதல் மழை விழுந்து மண் இளகிய ஒரு கிழமைதான் எங்களுக்கு நேரம். அதற்கு முன் மண்வெட்டி இறங்காது, அதற்குப் பின் சேறு. அந்த ஒரு கிழமைக்குள் சோளன், பயிற்றை, வெண்டி, பூசணி எல்லாவற்றையும் நேரே விதைத்துவிடுவோம். பூசணிக்குக் கிடங்கு வெட்டாமல் குவியல் வைத்து அதன் தலையில் விதை. சோளன் டிசெம்பர் கடைசியில் அவித்துத் தின்னப் பதமாக வரும்.

மழை நாட்களில் பூசணி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது என்று பலர் உரம் போடுகிறார்கள். உரம் குறைந்து கொட்டவில்லை. மழைக்குத் தேனீ வராது. விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் சிறு பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தடவிவிடுங்கள். எட்டு மணிக்கு முன் செய்ய வேண்டும். நான் செய்து பார்த்த அன்றிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை.

யானை வரும் ஊர்க்காரர்கள் வாழையையும் சோளனையும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்போல் இருக்கிறது. பயிர் போனால் அடுத்த போகம் வரும்.

ஆரைப்பற்றை வளவு
செப்டெம்பர் 29, காலை 11.30

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா, கிணற்றுக் கோட்டைப் பார்த்தேன். வளவு மட்டத்திலிருந்து ஒன்றரை அடிக்கு வந்திருக்கிறது. வாழை நிற்கும் மூலைதான் பள்ளம்.

இரண்டு கேள்வி. மேட்டுப்பாத்தி போட மண்ணுக்கு எங்கே போவது? மணலைக் குவித்தால் ஒரு மழையில் கரைந்து ஓடிவிடுமே. நத்தைக்கு உப்புப் போடலாமா?

தம்பிலுவில் தென்றல்
செப்டெம்பர் 29, பிற்பகல் 2.10

அக்கா, முதல் கேள்விக்கு நான். எங்கள் பக்கமும் இதே மணல்தான். பாத்தியின் ஓரத்துக்குத் தென்னங்குற்றி, அல்லது பொச்சுமட்டையை (தேங்காய் மட்டையை) நெருக்கி அடுக்கி நடுங்கள். அடியில் ஒரு அடுக்குப் பொச்சை, உட்பக்கம் மேலே பார்க்க, பரப்பிவிடுங்கள். மாரியில் அது பாத்தியைத் தூக்கிப் பிடிக்கும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் காலத்தில் அதே பொச்சு தண்ணீரை வைத்திருந்து கொடுக்கும். அதன் மேல் வாழைத்தண்டு, காய்ந்த முருங்கை இலை, கிளிறிசிடியா இலை, மாட்டெரு, கடைசியில் உங்கள் மணல்.

வாவியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கரைக்கு ஒதுங்கிக் கிடக்கும். அள்ளிக் கொண்டுவந்து போடலாம், காசு இல்லாத எரு. ஆனால் வெயிலில் நன்றாகக் காய வைத்து, வைக்கோலோடும் சாணத்தோடும் கலந்து உக்கவிட்டுத்தான் பாத்தியில் போட வேண்டும். ஒரு துண்டு பச்சையாக வாய்க்காலில் விழுந்தாலும் அது பெருகிவிடும்.

ரயரிலும் வாளியிலும் நடுவோருக்கு ஒரு வேண்டுகோள். அடியில் ஓட்டை போடாமல் வைக்காதீர்கள். மாரியில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் டெங்கு ஏறும் காலம். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அதனால் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு நான் ரயரில் நடுவதையே விட்டுவிட்டேன். உரப் பை போதும், தண்ணீர் தானாக வடியும்.

நிந்தவூர் ராத்தா
செப்டெம்பர் 29, இரவு 7.45

நத்தைக்கு உப்பைப் பாத்தியில் போடவே வேண்டாம் தங்கச்சி. நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும். சுனாமிக்குப் பிறகு உப்பு ஏறிய வளவுகளில் முளை வராமல் நாங்கள் பட்ட பாடு போதும். இரண்டு மூன்று மாரி கழுவிய பிறகுதான் என் பாத்தி திரும்பியது.

பொழுது பட்டதும் பப்பாசி இலையைப் பாத்தி ஓரத்தில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து லைற்றோடு போனால் அதன் கீழ் கூடியிருக்கும். பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, வளவுக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைச் சுற்றிக் கொள்ளுங்கள். நத்தை மூலம் மூளைக்குப் போகும் ஒரு புழு இருக்கிறது. கீரையையும் நன்றாகக் கழுவி அவித்தே உண்ணுங்கள். ஒக்டோபரில் முதல் மழையோடு பத்து நாள் விடாமல் பொறுக்கினால் முட்டை இடுமுன் பிடித்துவிடலாம். அதற்குப் பிந்தினால் மார்கழி முழுவதும் பொறுக்க வேண்டும்.

ரொறன்ரோ மட்டுநகரான்
ஒக்டோபர் 3, காலை 7.00

இதை வாசிக்கும்போது அம்மாவின் வளவு கண்ணுக்குள் நிற்கிறது. எங்களுக்கு இங்கே இனி மே மாதம்வரை வெளியில் ஒன்றும் நட முடியாது. குளிர்காலம் என்றால் கொப்பியில் வளவுப் படம் கீறுவதும் விதைப் பட்டியல் போடுவதும்தான். மார்ச்சில் ஜன்னலோரம் லைற்றுக்குக் கீழே கொச்சி நாற்று. ஒவ்வொரு வருடமும் எது எப்போது காய்த்தது என்று எழுதி வைப்பதால் அடுத்த வருடம் கை தடுமாறுவதில்லை. ஆரையம்பதித் தங்கச்சியும் ஒரு கொப்பி போடுங்கள். மழை எந்தத் திகதியில் தொடங்கியது, தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்று.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். இங்குள்ள நல்ல தக்காளி விதை கொஞ்சம் கொண்டுவரவா?

வந்தாறுமூலை
ஒக்டோபர் 3, மாலை 6.30

அண்ணன், உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் விதை வேண்டாம். அனுமதிப் பத்திரமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது இலங்கையில் சட்டப்படி தடை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. ஒரு விதை உறையோடு புது நோயொன்று வந்தால் நம் ஆட்களின் தோட்டங்கள்தான் போகும். அதோடு, நீண்ட கோடைப் பகலுக்குத் தேர்ந்தெடுத்த தக்காளி எங்கள் சூட்டுக்கும் வாடல் நோய்க்கும் நிற்காது. இங்கேயே கொச்சிக்கு எம்.ஐ.2, கே.ஏ.2, கத்தரிக்குத் தின்னவேலி ஊதா, வெண்டிக்கு எம்.ஐ.5 என்று விவசாயத் திணைக்களம் தந்த இனங்கள் இருக்கின்றன. எந்தச் சந்தேகம் என்றாலும் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென்று வாடிச் சாய்கிற வளவுகளில், அதே இடத்தில் கத்தரியும் கொச்சியும் நடாதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். கத்தரியைச் சுண்டங்கத்தரியில் ஒட்டி நட்டால் அந்த வாடலுக்குத் தாக்குப் பிடிக்கும்.

உரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணலில் யூரியாவை ஒரே தடவையில் போட்டால் அடுத்த மழையில் அது நேரே கிணற்றுக்குப் போகும். குடிப்பதும் அதே கிணறு. மாரியில் எருவே போதும். யூரியா போடத்தான் வேண்டும் என்றால் மழை ஓய்ந்த நாளில், மிகக் கொஞ்சமாக, பல தடவையாக. எருக்குழியையும் கிணற்றுக்குத் தூரத்தில் வையுங்கள்.

ஆரைப்பற்றை வளவு
டிசெம்பர் 4, மாலை 5.20

கொப்பியைப் பார்த்தே எழுதுகிறேன். கத்தரி 32 நாற்று ஒக்டோபர் 30 அன்று நட்டேன், மூன்று அடிக்கு இரண்டு அடி இடைவெளி. இன்றைக்கு 27 நிற்கின்றன. பூ விழுகிறது, ஆனால் இலை பச்சையாக இருக்கிறது. வெண்டியை ஒக்டோபர் 8 அன்று நேரே விதைத்தேன். நவம்பர் 24 அன்று முதல் பறிப்பு, 11 காய். காங்கூனும் கீரையும் மூன்று தடவை வெட்டியாகிவிட்டது. வாழை மூலையில் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிறது, சேம்பு அதில் தலைதூக்கி நிற்கிறது.

பயிற்றை தோற்றுவிட்டது. பந்தல் கம்பு காற்றில் சாய்ந்து கொடி எல்லாம் சேற்றில். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டிவிட்டார்கள், வாவித் தண்ணீர் இறங்குகிறது என்கிறார்கள். எங்கள் வளவில் இன்னும் இறங்கவில்லை. ராத்தா, கொச்சி விதை நேற்றுக் கூரைக்குக் கீழே போட்டாயிற்று.

கல்லாறு வாத்தியார்
டிசெம்பர் 4, இரவு 8.00

நல்ல கணக்கு மகள். தண்ணீர் நிற்கும் நாட்களில் வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. காலில் சிறு புண் இருந்தாலும் பூட்ஸ் வேண்டும். வெளியிலிருந்து வந்த வெள்ளம் ஏறிய பாத்தியில் வல்லாரையைப் பச்சைச் சம்பலுக்குப் பறிக்க வேண்டாம். அந்தத் தளிரை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு வரும் புதுத் தளிரை எடுங்கள். கிணற்றுக்கும் குளோரின் போட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

பயிற்றைப் பந்தலுக்கு அடுத்த முறை உயிர்க்கம்பு நடுங்கள். கிளிறிசிடியாக் கம்பை மழைத் தொடக்கத்தில் ஊன்றினால் மார்கழிக் காற்றுக்கு முன் வேர்விட்டுப் பிடித்துவிடும், இலை எருவுக்கும் ஆகும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் என் வளவில் தென்னைகள் முறிந்து விழுந்தன. வேலியில் நின்ற அந்தக் கிளிறிசிடியாக்கள் இலையில்லாமல் மொட்டையாக நின்றன, ஆனால் நின்றன. ஒரு மாதத்தில் துளிர்த்ததும் அவைதான்.

ஆரைப்பற்றை வளவு
ஜனவரி 19, காலை 10.15

கொச்சி 40 நாற்று நேற்று மாலை நட்டேன். ஐயா சொன்னபடி இன்னொரு 40 கூரைக்குக் கீழே காவலுக்கு இருக்கிறது. கத்தரி திரும்பப் பூத்து, பொங்கலுக்கு அடுத்த நாள் முதல் ஐந்து காய். பால்கறி வைத்தோம். வாழை மூலைத் தண்ணீர் வடிய 16 நாள் எடுத்தது, கொப்பியில் குறித்துவிட்டேன். அந்த மூலையில் இப்போது ஈரம் சரியாக இருக்கிறது. அதில் வத்தாளைக் (சர்க்கரைவள்ளி) கொடி ஊன்றலாமா, அல்லது வெயிலுக்கு விட்டு வைக்கவா?

நிந்தவூர் ராத்தா
ஜனவரி 19, பிற்பகல் 1.30

ஊன்றுங்கள் தங்கச்சி, தாமதிக்க வேண்டாம். மணலில் வத்தாளைக்கு இதைவிட நல்ல ஈரம் கிடைக்காது. வரம்பு உயர்த்தி, நுனித்தண்டு ஒரு முழம் வெட்டி, பாதியை மண்ணுக்குள் சாய்த்து வையுங்கள். எனக்கும் கொஞ்சம் கொடி வேண்டும், போன வருடத்து என் கொடி இந்த மழையில் அழுகிவிட்டது.

கொச்சியை மட்டும் பெப்ரவரி நடுவிலிருந்து தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள். மழை விட்டு வெயில் ஏறும்போதுதான் பனிப்பூச்சி வந்து இலை மேலே சுருளத் தொடங்கும். முதலில் சுருளும் நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு, வேப்பங்கொட்டையை இடித்து ஒரு இரவு ஊறவைத்த தண்ணீரை வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள்.

ஆரைப்பற்றை வளவு
ஜனவரி 19, இரவு 8.40

கொடி இருக்கிறது ராத்தா, பக்கத்து வீட்டில் இரண்டு கட்டுத் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்முனைக்கு வருகிறோம், ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிறேன். உங்களிடம் தக்காளி நாற்று மிச்சம் இருந்தால் பத்து எடுத்து வையுங்கள்.